பாயிண்டுக்கு ஓர் எண், சென்சாருக்கு ஓர் எண்: கணினி இயக்கும் மாதிரி ரயில்பாதையில் முகவரி இடும் முறை

டி.சி.சி. முறையில், அதாவது தண்டவாளம் வழியாகவே எண் குறிப்பிட்டு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறையில், ஓரிரு இன்ஜின்களை ஓட்டிப் பழகிவிட்டு, அடுத்ததாகப் பாயிண்டுகளையும் சென்சார்களையும் கணினியோடு இணைக்க விரும்பும் புதியவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குப் பிரியும் அமைப்பை நம் ஊர் ரயில்வே ஊழியர்கள் ‘பாயிண்ட்’ என்பார்கள்; அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்கள் ‘டர்ன்அவுட்’ என்பார்கள்; கையேடுகளிலும் வண்டியை ஓட்டும் கைக்கருவியின் பொத்தான்களிலும் ‘ஸ்விட்ச்’ என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், கையேடு படிக்கும்போது பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஒரு சேர்க்கை. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள டிஜிட்ராக்ஸ் நிறுவனத்தின் லோகோநெட் இணைப்பு, பாயிண்டுகளை இயக்க டி.எஸ்.64 பலகை, தடத்தின் எந்தப் பகுதியில் வண்டி நிற்கிறது என்பதைக் கண்டறிய பி.டி.எல்.168 பலகை, கணினியில் ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் இலவச மென்பொருள் ஆகியவை அதில் அடங்கும். உங்களிடம் இருப்பது லென்ஸ், இசட்21, மேர்க்லின் என்று வேறு கட்டுப்பாட்டு முறையாக இருந்தால் எண்களின் வரம்புகள் மாறும். வேலையைச் செய்ய வேண்டிய வரிசை மாறாது.

அந்த வரிசையில் முதலில் வருவது காகிதம். எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பலகைகளை வாங்கிய அன்றே மேசைக்கு அடியில் பொருத்தி, கிடைத்த எண்ணைக் கொடுத்து, பாயிண்ட் திரும்புவதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டால், மூன்றாவது பலகை வரும்போது எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

நான்கு வகை எண்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, 101 என்ற எண்ணுள்ள இன்ஜின் இருக்கும்போது பாயிண்டுக்கும் 101 கொடுக்கலாமா என்பது. தாராளமாகக் கொடுக்கலாம். டி.சி.சி. முறையில் இன்ஜின்களுக்கான கட்டளை வேறு, பாயிண்ட் போன்ற துணைக்கருவிகளுக்கான கட்டளை வேறு. இரண்டும் வெவ்வேறு அமைப்பில் அனுப்பப்படுவதால், இன்ஜினுக்குப் போகும் கட்டளையைப் பாயிண்ட் டிகோடர் (கட்டளையைப் படித்துப் பாயிண்டைத் திருப்பும் பலகை) தனக்கானது என்று எடுத்துக்கொள்ளாது. அதேபோல லோகோநெட்டில் பாயிண்ட் எண்கள் 1 முதல் 2048 வரை ஒரு வரிசையாகவும், சென்சார் எண்கள் 1 முதல் 4096 வரை மற்றொரு வரிசையாகவும் இருக்கின்றன. ஆகவே பாயிண்ட் 9, சென்சார் 9 என்று இரண்டும் ஒரே அறையில் இருக்கலாம்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. குழப்பம் தொடங்குவதே அங்கேதான். பலகைக்கென்று தனியாக ஓர் எண் உண்டு. பலகை எண் 3 என்றால், அது பாயிண்ட் 3ஐயோ சென்சார் 3ஐயோ குறிப்பதில்லை. அந்தப் பலகையின் உள்ளீடுகள் எந்தச் சென்சார் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. எப்படி என்பதைச் சற்றுக் கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பாயிண்ட் எண்கள் ஏன் நான்கு நான்காக வருகின்றன

அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. வகுத்த டி.சி.சி. தரத்தில், அடிப்படைத் துணைக்கருவி டிகோடருக்கான கட்டளையில் டிகோடரின் முகவரிக்கு 9 பிட்டுகளும், அந்த டிகோடருக்குள் எந்தப் பாயிண்ட் என்று சொல்ல 2 பிட்டுகளும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு பிட்டுகளால் நான்கு பாயிண்டுகளைக் குறிக்க முடியும் என்பதால், ஒரு டிகோடருக்கு நான்கு பாயிண்டுகள் என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. முதல் டிகோடருக்கு 1 முதல் 4, இரண்டாவதற்கு 5 முதல் 8, மூன்றாவதற்கு 9 முதல் 12 என்று அது வளர்கிறது.

இதனால் நடைமுறையில் இரண்டு விளைவுகள் உண்டு. விலை குறைந்த பல டிகோடர்கள் இப்படிப்பட்ட நான்கு எண் கொத்தை மட்டுமே ஏற்கும். 102இல் தொடங்கி 105இல் முடியும் கொத்தை அவற்றுக்குக் கொடுக்க முடியாது. கொத்தின் முதல் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது நான்கால் மீதியின்றி வகுபட வேண்டும். 100 நான்கால் வகுபடும் என்பதால் 101, 201, 301 என்று 01இல் முடியும் எந்த எண்ணும் கொத்தின் சரியான தொடக்கமாக அமையும். பகுதிவாரியாக நூறு நூறாக எண் கொடுக்கும் வழக்கத்தை நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது விளைவு, ‘நான்கு தள்ளி வருதல்’ என்னும் சிக்கல். டிகோடர் முகவரியை 0இலிருந்து எண்ணத் தொடங்குவதா 1இலிருந்து எண்ணத் தொடங்குவதா என்பதில், கட்டளைகளை அனுப்பும் மையக் கருவிகளான கமாண்ட் ஸ்டேஷன்களுக்கு இடையே வேறுபாடு இருப்பதால், ஒன்றில் பாயிண்ட் 1 என்று அறியப்பட்டது இன்னொன்றில் 5 என்று பதில் சொல்லும். நண்பரின் வீட்டில் எண் போட்ட டிகோடரை உங்கள் வீட்டில் இணைத்ததும் எதுவுமே அசையவில்லை என்றால், பலகை பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் நான்கைக் கூட்டியும் கழித்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சென்சார்கள் வேறு வழியில் பேசுகின்றன

தண்டவாளத்தில் செல்லும் டி.சி.சி. கட்டளை பெரும்பாலும் ஒருவழிப் பாதை. கமாண்ட் ஸ்டேஷன் சொல்லும், டிகோடர் கேட்கும். சென்சாரோ பதில் சொல்ல வேண்டியது. அதற்குத் தனிக் கம்பி வேண்டும். லோகோநெட்டில் அது ஆறு கம்பிகள் கொண்ட, தொலைபேசிக் கம்பியைப் போன்ற ஒரு தட்டைக் கேபிள். அதில் இணைந்துள்ள எந்தப் பலகையும் தானாகவே முன்வந்து, இந்த எண்ணுள்ள சென்சாரின் நிலை மாறிவிட்டது என்று அறிவிக்க முடியும். அந்த அறிவிப்பில் எண் மட்டுமே இருக்கும். எந்தப் பலகை அறிவித்தது என்பது இருக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஒருமுறை திரும்பப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் பெருந்தொல்லை இதிலிருந்துதான் பிறக்கிறது.

மற்ற முறைகளில் எண்ணுக்கான விதி வேறு. மேர்க்லினில் தொடங்கிய எஸ்88 முறையில் பலகைக்கு எண்ணே போடுவதில்லை. சங்கிலியில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதே அதன் எண். ஒரு பலகைக்கு 16 உள்ளீடுகள் என்றால், முதல் பலகை 1 முதல் 16, அடுத்தது 17 முதல் 32. அது வசதியாகத்தான் தோன்றும். ஆனால் நடுவில் ஒரு பலகையைச் செருகினால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாச் சென்சார்களின் எண்ணும் 16 கூடிவிடும். ஆகவே எஸ்88 வைத்திருப்பவர்கள் புதிய பலகையை எப்போதும் கடைசியிலேயே சேர்க்க வேண்டும். இசட்21இன் ஆர்-பஸ் முறையில் பலகைக்கு 8 உள்ளீடுகள், அதிகபட்சம் 20 பலகைகள். அங்கே ஒவ்வொரு பலகைக்கும் எண் கொடுக்க வேண்டும்.

எண்கள் மோதும் இடம்

லோகோநெட்டுக்குத் திரும்புவோம். பி.டி.எல்.168 பலகையில் 16 கண்காணிப்புப் பகுதிகள் உண்டு. அதன் பலகை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து 16ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அதன் முதல் சென்சார் எண் கிடைக்கும். பலகை 1 என்றால் சென்சார் 1 முதல் 16. பலகை 2 என்றால் 17 முதல் 32. டி.எஸ்.64 பலகை பாயிண்டுகளை இயக்குவதற்கானது என்றாலும் அதில் 8 உள்ளீடுகளும் இருக்கின்றன. அங்கே கணக்கு 8ஆல்: பலகை 1 என்றால் சென்சார் 1 முதல் 8, பலகை 2 என்றால் 9 முதல் 16.

இப்போது பாருங்கள். கண்காணிப்புப் பலகைக்கு 1 என்றும், பாயிண்ட் பலகைகளுக்கு 1, 2 என்றும் இயல்பாக எண் போட்டால், இரண்டு வகைப் பலகைகளும் 1 முதல் 16 வரையிலான ஒரே சென்சார் எண்களில் வந்து உட்கார்ந்துவிடும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. யார்டில் ஒரு பொத்தானை அழுத்தினால், அதிலிருந்து எட்டடி தள்ளியிருக்கும் ஒன்பதாவது தடப் பகுதி கணினித் திரையில் சிவப்பாக மாறியது. அங்கே ஒரு சக்கரம்கூட இல்லை. பொத்தானை விட்டதும் சிவப்பு அணைந்தது. கம்பி ஏதோ உரசுகிறது என்று நினைத்து இரண்டு மாலைப் பொழுதுகள் மேசைக்கு அடியில் டார்ச் விளக்கோடு படுத்துக் கிடந்தேன். ஒன்பதாம் பகுதியின் கம்பியையே பலகையிலிருந்து கழற்றிவிட்டேன். அப்போதும் பொத்தானை அழுத்தியதும் திரை சிவந்தது. அப்போதுதான் உறைத்தது: கம்பி இல்லாமலே சிவக்கிறது என்றால், 9 என்ற எண்ணை வேறு யாரோ அறிவிக்கிறார்கள். யார்டில் இருந்த எட்டு உள்ளீட்டுப் பலகைக்கு நான் கொடுத்திருந்த எண் 2. இரண்டிலிருந்து ஒன்று போக ஒன்று. எட்டால் பெருக்க எட்டு. ஒன்று கூட்ட ஒன்பது. பொத்தானை இணைத்திருந்தது அதன் முதல் உள்ளீட்டில். பலகையின் எண்ணை மாற்ற ஒரு நிமிடம்தான் ஆயிற்று.

இதைத் தவிர்க்க நான் கடைப்பிடிக்கும் வழி, சென்சார் எண்களை முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுவது. 1 முதல் 96 வரை கண்காணிப்புப் பலகைகளுக்கு. அதாவது ஆறு பி.டி.எல்.168 பலகைகள் வரை இடம் இருக்கிறது. 97இலிருந்து டி.எஸ்.64 பலகைகளுக்கு. 97இல் தொடங்க வேண்டுமென்றால் அதன் பலகை எண் 13 ஆக இருக்க வேண்டும்: பன்னிரண்டை எட்டால் பெருக்க 96, ஒன்று கூட்ட 97. அடுத்த டி.எஸ்.64க்கு 14, அதன் சென்சார்கள் 105 முதல் 112. ஆறு பலகைகளுக்கு இடம் ஒதுக்குவது சிறிய பாதைக்கு மிகையாகத் தோன்றலாம். எண்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் தாராளமாகவே ஒதுக்குங்கள்.

ஒரு சிறு நிலையத்துக்கு எண் போட்டுப் பார்ப்போம்

வட்டமாகச் சுற்றி வரும் ஒற்றை மெயின் லைன். அதில் ஒரு நிலையம். நிலையத்தில், மெயின் லைனிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் ஒரு லூப் லைன். லூப்பின் மேற்கு முனையில் ஒரு பாயிண்ட், கிழக்கு முனையில் ஒரு பாயிண்ட். லூப்பிலிருந்து யார்டு லைனுக்குக் குறுக்கே போக இரண்டு பாயிண்டுகள் சேர்ந்த ஒரு கிராஸ்ஓவர். யார்டில் மூன்று தடங்கள். அதற்கு இரண்டு பாயிண்டுகள். தனியே ஒரு கிடங்குத் தடம்.

நிலையத்துக்கு நூறாம் வரிசை: மேற்கு முனை 101, கிழக்கு முனை 102. கிராஸ்ஓவரின் இரண்டு பாயிண்டுகளும் எப்போதும் ஒன்றாகவே திரும்ப வேண்டியவை. ஒன்று நேராகவும் மற்றொன்று திரும்பியும் இருந்தால் வண்டி தடம் புரளும். ஆகவே இரண்டுக்கும் 103 என்ற ஒரே முகவரியைக் கொடுங்கள். நோட்டில் மட்டும் 103ஏ, 103பி என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். இந்திய ரயில்வேயிலும் கிராஸ்ஓவரின் இரு முனைகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து ஏ, பி என்று பிரிக்கும் வழக்கம் இருக்கிறது. டி.எஸ்.64இல் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியே எண் கொடுக்கலாம். ஆக முதல் டி.எஸ்.64இன் நான்கு வெளியீடுகளும் 101, 102, 103, 103 என்று நிறைந்துவிட்டன.

யார்டுக்கு இருநூறாம் வரிசை: 201, 202. கிடங்குத் தடத்துக்கு 301. இரண்டாவது பலகையில் மூன்று வெளியீடுகள் நிறைந்து ஒன்று சும்மா இருக்கிறது. அதைச் சும்மா விடக் கூடாது. புதிய பலகைகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 1 முதல் 4 வரையிலான எண்களோடுதான் வருகின்றன. எண் மாற்றப்படாத வெளியீட்டில் பின்னொரு நாள் ஒரு பாயிண்டை இணைத்தால் அது எதிர்பாராத கட்டளைக்கு அசையும். பயன்படாத வெளியீட்டுக்கு 299 என்பது போல ஓர் ஒதுக்குப்புற எண்ணைக் கொடுத்து, ‘காலி’ என்று நோட்டில் எழுதிவிடுங்கள். பாயிண்டுகளை 101இலிருந்து தொடங்கச் சொல்வதற்கும் இதுவே இரண்டாவது காரணம்: 1 முதல் 4 வரை யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தால், புதிதாக வரும் பலகை எதையும் கெடுக்காது.

இரண்டு எச்சரிக்கைகள். லோகோநெட்டில் 1017 முதல் 1020 வரையிலான நான்கு பாயிண்ட் எண்களைத் தொடாதீர்கள். உங்கள் தற்போதைய நிலை என்ன என்று எல்லாப் பலகைகளையும் விசாரிக்க அந்த எண்கள் பயன்படுகின்றன. மேலும், சிக்னல்களை இயக்கும் சில பலகைகள் ஒவ்வொரு சிக்னலுக்கும் பாயிண்ட் எண்களையே எடுத்துக்கொள்கின்றன. பின்னாளில் சிக்னல் வைக்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பலகையின் கையேட்டை இப்போதே வாசித்து, அது கேட்கும் எண் வரிசையை நோட்டில் அடைப்பிட்டு வையுங்கள்.

சிலர் உண்மையான அமெரிக்க ரயில்பாதைகளின் வழக்கத்தைப் பின்பற்ற ஆசைப்படுவார்கள். யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் நிறுவனம் செய்த சி.டி.சி. (ஒரே இடத்திலிருந்து நீண்ட பாதையை இயக்கும் முறை) கட்டுப்பாட்டுப் பலகைகளில் பாயிண்டுகளின் நெம்புகோல்களுக்கு ஒற்றைப்படை எண்களும், அவற்றுக்குக் கீழே சிக்னல் நெம்புகோல்களுக்கு இரட்டைப்படை எண்களும் இருக்கும். ஆசை நல்லதுதான், ஆனால் நான்கு எண் கொத்தை மட்டுமே ஏற்கும் டிகோடரிடம் 101, 103, 105 என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கேட்டால் அதற்கு வழியில்லை. வன்பொருள் முகவரி அதன் வசதிப்படி இருக்கட்டும். நீங்கள் விரும்பும் எண்ணை மென்பொருளில் பெயராக வைத்துக்கொள்ளலாம். மனிதருக்கான பெயரையும் இயந்திரத்துக்கான எண்ணையும் தனித்தனியே வைத்துக்கொள்வதில் இருக்கும் நிம்மதி, பாதை வளர வளரத்தான் புரியும்.

பலகையில் எண்ணைப் பதிப்பது

நோட்டில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு வரி: இடத்தின் பெயர், பாயிண்ட் எண், பலகை எண், வெளியீட்டு முனை, கம்பிகளின் நிறம், நிலையைத் தெரிவிக்கும் சென்சார் எண். ஒவ்வொரு தடப் பகுதிக்கும் அதேபோல ஒரு வரி. இது முடிந்ததும் பலகையை எடுக்கலாம்.

பெரும்பாலான பலகைகள் எண்ணைக் கற்றுக்கொள்ளும் விதம் ஒன்றே. பலகையில் உள்ள சிறு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கத் தொடங்கும். இப்போது பலகை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. கைக்கருவியில் ஸ்விட்ச் நிலைக்குப் போய், நீங்கள் விரும்பும் எண்ணைத் தேர்ந்து, ஒரு பாயிண்ட் கட்டளையை அனுப்பினால், அந்த எண்ணையே பலகை தன் எண்ணாகப் பதித்துக்கொள்ளும். டி.எஸ்.64 போன்றவற்றில் முதல் வெளியீட்டுக்கு எண் பதிந்ததும் அடுத்த வெளியீட்டின் முறை வரும். எந்தப் பொத்தான், எத்தனை விநாடி என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை எண்ணைப் பதிப்பதும் வெளியீட்டு எண்களைப் பதிப்பதும் தனித்தனி வேலைகள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இந்த வேளையில் கணினி மென்பொருளை மூடிவிடுங்கள். காத்திருக்கும் பலகை, கட்டளையை யார் அனுப்பினார்கள் என்று பார்ப்பதில்லை. முதலில் காதில் விழும் பாயிண்ட் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து மென்பொருள் தானாக ஒரு கட்டளையை அனுப்பினாலோ, வீட்டில் வேறு யாராவது இன்னொரு கைக்கருவியில் ஒரு பாயிண்டைத் திருப்பினாலோ, அந்த எண்தான் பதியும். எண் பதிந்தவுடன் அதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பலகையின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, மென்பொருள் இல்லாமலே கைக்கருவியிலிருந்து ஒவ்வொரு பாயிண்டையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ‘குளோஸ்ட்’ என்று அனுப்பினால் நேர்வழி, ‘த்ரோன்’ என்று அனுப்பினால் பிரியும் வழி என்பதே பொது வழக்கம். ஏதாவது ஒரு பாயிண்ட் தலைகீழாக வேலை செய்தால், அதன் மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றுங்கள். மென்பொருளில் ‘தலைகீழாக்கு’ என்று ஒரு கட்டத்தைத் தட்டினாலும் திரையில் சரியாகிவிடும். ஆனால் கைக்கருவியைப் பிடித்திருப்பவருக்கு அது தலைகீழாகவே இருக்கும். தவறு எங்கே இருக்கிறதோ அங்கேயே திருத்துவதுதான் நல்லது.

ஜே.எம்.ஆர்.ஐ.யில் பதிவு செய்வது

கணினிக்கும் லோகோநெட்டுக்கும் நடுவே யு.எஸ்.பி. இணைப்புக் கருவி ஒன்று வேண்டும். அதை மென்பொருளின் விருப்பத் தேர்வுகளில் தெரிவித்ததும், கருவிகள் பட்டியில் உள்ள அட்டவணைகளுக்குப் போகலாம். பாயிண்டுகளுக்கு ஓர் அட்டவணை, சென்சார்களுக்கு ஓர் அட்டவணை. ‘சேர்’ என்பதை அழுத்தி வன்பொருள் முகவரி 101 என்று கொடுத்தால், மென்பொருள் அதற்கு எல்டி101 என்று அமைப்புப் பெயர் வைக்கும். முதல் எழுத்து லோகோநெட்டையும், இரண்டாவது எழுத்து டர்ன்அவுட்டையும் குறிக்கும். சென்சார் என்றால் எல்எஸ்9 என்பதுபோல வரும். பக்கத்தில் உள்ள பயனர் பெயர் என்ற இடத்தில், ‘லூப் மேற்கு’ என்று உங்களுக்குப் புரியும் பெயரை இடுங்கள். தொடர் எண்களை மொத்தமாகச் சேர்க்கும் வசதியும் இருப்பதால், 16 சென்சார்களை ஒரே தடவையில் உண்டாக்கிவிடலாம்.

திரையில் வரைபடம் வரையும்போது எப்போதும் பயனர் பெயரையே பயன்படுத்துங்கள். ஒரு நாள் ஒரு வெளியீடு கெட்டுப்போய், பாயிண்டை வேறு எண்ணுக்கு மாற்ற நேரிடும். அப்போது பயனர் பெயரைப் பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு நகர்த்தும் வசதி அட்டவணையிலேயே இருக்கிறது. பெயரை வைத்து வரைந்த வரைபடம் அப்படியே வேலை செய்யும்.

பாயிண்டின் நிலையை மென்பொருள் எப்படி அறிகிறது என்பதையும் இங்கே தீர்மானிக்க வேண்டும். லோகோநெட்டில் இயல்பாக அமைந்திருப்பது, கம்பியில் போகும் கட்டளைகளை ஒட்டுக்கேட்டு நிலையை ஊகிக்கும் முறை. 101ஐத் திருப்பும் கட்டளை போனது என்பது அதற்குத் தெரியும். நாக்குத் தண்டவாளம் உண்மையில் நகர்ந்ததா, நடுவில் ஒரு சரளைக்கல் சிக்கி நின்றுவிட்டதா என்பது தெரியாது. டார்டாய்ஸ் போன்ற மெதுவாக நகரும் மோட்டார்களில், பாயிண்ட் நகரும்போது கூடவே மாறும் துணை மின்தொடர்புகள் உண்டு. அவற்றில் ஒன்றைச் சென்சார் உள்ளீட்டோடு இணைத்து, அட்டவணையில் ‘ஒற்றைச் சென்சார்’ முறையைத் தேர்ந்தால், அந்தச் சென்சார் விழித்திருக்கும்போது (மென்பொருளின் மொழியில் ‘ஆக்டிவ்’) பாயிண்ட் பிரியும் வழியில் இருக்கிறது என்று மென்பொருள் கொள்ளும். ‘இரட்டைச் சென்சார்’ முறையில் இரு முனைகளுக்கும் தனித்தனி சென்சார் இருப்பதால், பாயிண்ட் எந்த முனையையும் அடையாமல் நடுவில் நின்றாலும் தெரிந்துவிடும். ரயில்களைக் கணினியே ஓட்ட வேண்டும் என்ற நோக்கம் இருந்தால், மெயின் லைன் பாயிண்டுகளுக்காவது இரட்டைச் சென்சார் வைக்குமாறு வற்புறுத்துவேன். யார்டுக்கு ஒற்றைச் சென்சார் போதும்.

எழுதியவற்றைச் சேமிக்காமல் மூடினால் அட்டவணை போய்விடும் என்பதைப் புதியவர்கள் பலர் ஒருமுறை அனுபவித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். கோப்பாகச் சேமித்து, மென்பொருள் தொடங்கும்போதே அந்தக் கோப்பு திறக்குமாறு விருப்பத் தேர்வுகளில் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொன்றாகச் சோதிப்பது

எல்லா வண்டிகளையும் தடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கு எரியும் பயணிகள் பெட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஏனென்றால் தடத்தில் மின்சாரம் இழுக்கப்படுவதை வைத்துத்தான் கண்காணிப்புப் பலகை வண்டி இருப்பதை உணர்கிறது. இப்போது சென்சார் அட்டவணையைத் திறந்து பார்த்தால் தடப் பகுதிகள் எல்லாம் உறங்கும் நிலையில் (‘இன்ஆக்டிவ்’) இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விழித்திருந்தால் மேற்கொண்டு போகாதீர்கள். அங்கே கம்பிகள் உரசுகின்றன அல்லது எண் மோதுகிறது.

பிறகு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு வளையங்கள் வரிசையாக இருக்கும். அதன் இரண்டு கால்களையும் வளைத்து, முதல் தடப் பகுதியின் இரண்டு தண்டவாளங்களின் மேல் பாலம்போல வையுங்கள். நோட்டில் எழுதிய எண் திரையில் விழிக்கிறதா? அந்த எண் மட்டும்தான் விழிக்கிறதா? இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிட முக்கியமானது. இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த வரியில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பகுதிக்கு நகருங்கள். இன்ஜினை ஓட்டிச் சோதிப்பதைவிட மின்தடையையே நான் பரிந்துரைக்கிறேன். இன்ஜின் இரண்டு பகுதிகளின் எல்லையில் நின்று இரண்டையும் விழிக்கச் செய்து குழப்பும்.

பொத்தான்களையும் பாயிண்டுகளின் நிலைத் தொடர்புகளையும் அப்படியே ஒவ்வொன்றாக அழுத்தியும் திருப்பியும் பாருங்கள். சந்தேகம் வந்தால் லோகோநெட் கண்காணிப்புச் சாளரத்தைத் திறந்து வையுங்கள்; கம்பியில் போகும் ஒவ்வொரு செய்தியும் அதில் வரி வரியாக ஓடும். பொத்தானை அழுத்தியபோது வரியே வரவில்லை என்றால் கம்பியையும் பலகையின் அமைப்பையும் பாருங்கள். வரி வந்து எண் வேறாக இருந்தால் பலகை எண்ணைப் பாருங்கள். சரியான எண்ணே வந்தும் திரையில் மாற்றம் இல்லை என்றால், மென்பொருள் அட்டவணையில்தான் பிழை.

வண்டிகளை மீண்டும் தடத்தில் வைத்து ஓட்டும்போது, சில பகுதிகள் விழித்து உறங்கி விழித்து உறங்கி மினுக்குவதைக் காண்பீர்கள். சக்கரத்திலும் தண்டவாளத்திலும் படியும் அழுக்கால் மின்தொடர்பு நொடிப்பொழுது விட்டுவிட்டு வருவதே அதற்குக் காரணம். சென்சார் அட்டவணையில் தாமத நேரத்தைக் காட்டும் கட்டத்தைத் தேர்ந்து, உறங்கும் நிலைக்குப் போவதற்கு 1000 முதல் 1500 மில்லிவிநாடி வரை தாமதம் கொடுத்தால் அது அடங்கிவிடும். விழிக்கும் நிலைக்கு இத்தனை தாமதம் கொடுக்காதீர்கள். வண்டி வந்ததைத் தாமதமாக அறிந்தால், நிறுத்த வேண்டிய இடத்தை அது தாண்டியிருக்கும்.

எல்லா வரிகளிலும் குறி விழுந்த பிறகு, நோட்டின் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, ஜே.எம்.ஆர்.ஐ. கோப்பின் நகலோடு வேறொரு கணினியிலோ பென் டிரைவிலோ வையுங்கள். இன்னொரு நகலை அச்சிட்டு, பலகைகளுக்கு அருகில், மேசையின் அடிப்பக்கத்தில், படுத்துக்கொண்டு பார்த்தால் படிக்கும்படியாக ஒட்டிவிடுங்கள்.